துடைக்காமல் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

இத்தாலியின் பொலோன்யா நகரத்து வெபர் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) பற்றிய தொகுப்பு ஒருவழியாக அட்டவணைக்குள் வந்துவிட்டது. கார்புரேட்டர்கள், பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளைத் துண்டுகளான ஜெட்டுகளின் டப்பாக்கள், டியூனிங் புத்தகங்கள், விலைப்பட்டியல்கள், கடை வாசலில் மாட்டிய எனாமல் பலகைகள், ஸ்டிக்கர்கள் என எல்லாவற்றுக்கும் எண் போட்டாயிற்று. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இந்த மடலில் யார் பெயரும் இல்லை. செய்த வேலையைச் சொன்னால் உரியவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி, பொருளைத் துடைக்காமல் அப்படியே தந்தவர்களுக்கு. பித்தளையைக் கண்டால் புளி போட்டுத் தேய்க்கிற கை நமக்கு. குத்துவிளக்குக்கு அது சரி, ஜெட்டுக்கு ஆகாது. புளியின் அமிலம் பித்தளையில் உள்ள துத்தநாகத்தை அரிக்கும், மேலே செம்பின் இளஞ்சிவப்பு மட்டும் தங்கும். பிறகு பாலிஷ் போட்டால் முத்திரை எண் மழுங்கும், துளையின் வாய் உருண்டுவிடும். வெபர் ஜெட்டில் எண்தான் அளவு: 130 என்றால் துளை 1.30 மில்லிமீட்டர், 135 என்றால் 1.35. அடுத்தடுத்த இரண்டு ஜெட்டுக்கும் வித்தியாசம் ஒரு மயிரிழை அளவுதான். வாய் உருண்ட ஜெட்டில் பெட்ரோல் ஓட்டமே மாறிப்போகும்.

துடைக்காததால் என்ன கிடைத்தது என்பதற்கு ஒரு தகர டப்பா போதும். பழைய இருமல் மிட்டாய் டப்பா. உள்ளே பெட்ரோலுக்கான எட்டு மெயின் ஜெட், காற்றை அளந்து விடும் நான்கு ஏர் கரெக்டர், பெட்ரோல் காய்ந்து பிசினாகிப் படிந்த பழுப்புக் கறை, அந்தக் கறையில் ஒட்டிய விரல் அகலக் காகிதம். காகிதத்தில் பென்சிலில் 135, எஃப் 16, 175 என்று மூன்று குறிப்பு. 135ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 140. மெயின் ஜெட் 135, பெட்ரோலில் காற்றைக் கலக்கும் எமல்ஷன் டியூப் எஃப் 16, ஏர் கரெக்டர் 175 என்று வண்டியைத் தயார் செய்த ஒருவர், ஓட்டிப் பார்த்துவிட்டு மெயின் ஜெட்டை மட்டும் ஒரு படி ஏற்றியிருக்கிறார். குளிர்ந்த நாளில் காற்று அடர்த்தியாக இருக்கும், அதற்கேற்பப் பெட்ரோலும் கூட வேண்டும். அல்லது சைலன்சரை மாற்றியிருக்கலாம். மேல் ஆர்.பி.எம்.மில் மட்டும் குறை என்றால் கரெக்டரில் கை வைத்திருப்பார், இவர் வைக்கவில்லை. டப்பாவைத் தந்தவர் அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட எடுத்து, பிறகு மனம் மாறி, காகிதத்தோடு அப்படியே கொடுத்தார். அவருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

அட்டவணையின் முதல் வடிவத்தைப் படித்துத் தவறு பிடித்தவர்களுக்கு அடுத்த நன்றி. எதுவார்தோ வெபர் என்ற பெயரைப் பார்த்து ஜெர்மன்காரர் என்று எழுதியிருந்தோம். அவர் 1889இல் டூரினில் பிறந்தவர். 1923இல் பொலோன்யாவில் கம்பெனி தொடங்கி, ஃபியட் கார்களுக்கு மாற்றிப் பொருத்தும் கார்புரேட்டர் செட் விற்றார். ஒரே உடலில் இரண்டு குழாய், சிறியது சாதாரண ஓட்டத்துக்கு, பெரியது வேகத்துக்கு என்ற யோசனைதான் அவரை நிலைநிறுத்தியது. 1930களில் ரேஸ் கார்களுக்காக இரண்டு குழாயையும் ஒரே அளவாக்கி, சிலிண்டருக்கு ஒரு குழாய் என்று அமைத்தார்கள். மசெராட்டியும் ஆல்ஃபா ரோமியோவும் அதைப் பயன்படுத்தின. 1945 மே மாதம் வெபர் காணாமல் போனார், திரும்பவே இல்லை. அதே ஆண்டில் ஃபியட் கம்பெனியை எடுத்துக்கொண்டது என்று நாங்கள் எழுதியதைத் திருத்தியவருக்குத் தனி வணக்கம்: ஃபியட் கைக்கு அது போனது 1952இல். பொலோன்யாவில் உற்பத்தி நின்றது 1992இல், பிறகு ஸ்பெயினின் மட்ரிட். ஏழு ஆண்டு இடைவெளியைத் தவறவிட்டிருந்தால் போருக்குப் பிந்தைய காகிதங்கள் பாதிக்குத் தப்பான தலைப்பு விழுந்திருக்கும்.

தேதி இல்லாத புத்தகங்களுக்கு வயது சொல்லும் வழியைக் கற்றுத்தந்தவர் ஒரு பழைய ஃபியட் ரசிகர். அச்சுக்கூடத்தின் குறியைத் தேட வேண்டாம், ஜெட் அட்டவணையில் இருக்கும் மிகப் புதிய காரைத் தேடுங்கள் என்றார். லோட்டஸ் எலான் இருந்தால் 1962க்கு முந்தையது அல்ல. ஃபியட் 124 இருந்தால் 1966க்கு முந்தையது அல்ல, ஃபியட் 127 வந்துவிட்டால் 1971க்கு முன்னால் போகாது. இந்த வழி கீழ் எல்லையைத்தான் தரும். கடைக்காரர்கள் பழைய புத்தகத்தை வருஷக்கணக்கில் வைத்து விற்றிருப்பார்கள். அதனால் அட்டவணையில் ‘1966 அல்லது பிறகு’ என்றே போட்டிருக்கிறோம், ‘1966’ என்று அல்ல.

இத்தாலி மொழித் தாள்களைத் தமிழாக்கிய தங்கைக்கும், அவருக்குச் சந்தேகம் தீர்த்த ஓய்வுபெற்ற மெக்கானிக் ஐயாவுக்கும் கடன்பட்டிருக்கிறோம். அகராதியை மட்டும் நம்பினால் கவிழ்ந்துவிடும் வேலை இது. ‘ஜெத்தோ தெல் மினிமோ’ என்றால் சிறிய ஜெட் என்று தோன்றும். அது வண்டி நிற்கையில் இன்ஜினை ஓட வைக்கும் ஐடில் ஜெட். ஆங்கிலப் புத்தகம் ஏர் கரெக்டர் என்பதை இத்தாலிக்காரர்கள் ‘காற்று பிரேக்’ என்கிறார்கள். ‘சென்ட்ராத்தோரே’ என்பது நம் மெக்கானிக்குகள் சின்ன வென்சுரி என்று சொல்லும் துணை வென்சுரி, காற்றின் வழியைக் குறுக்கும் வளையம். இந்த மூன்றும் பிடிபட்ட பிறகு பட்டியல்கள் தாமாகவே திறந்துகொண்டன.

வாங்காதே என்று கையைப் பிடித்தவர்களை மறக்க முடியாது. இங்கிலாந்தின் பியூலியில் செப்டம்பரில் கூடும் பழைய பாகச் சந்தையிலும், பொலோன்யாவுக்குப் பக்கத்தில் இமோலா ரேஸ் தளத்தில் நடக்கும் சந்தையிலும் எங்களுக்காகக் கால் வலிக்க நடந்தவர்கள் அவர்கள். வெபரில் போலி எங்கே வரும் என்றால் விலை எங்கே இருக்கிறதோ அங்கே. ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வின் 12 சிலிண்டருக்கு ஆறு 38 டி.சி.என்., கோப்ரா ரேஸ் கார்களுக்கும் ஃபோர்டு ஜி.டி. 40க்கும் நான்கு 48 ஐ.டி.ஏ. என்று பேர் பெற்ற மாடல்களின் எண்ணைச் சாதாரண உடலில் அடித்து விற்பார்கள். அவர்கள் சொல்லித்தந்த சோதனை எளிது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, முத்திரை இருக்கும் இடத்தைப் பாருங்கள். பழைய எண்ணை ராவி எடுத்திருந்தால் அந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்து, சுற்றியுள்ள வார்ப்புப் பரப்பிலிருந்து மாறுபட்டு மின்னும். வெர்னியரால் தடிமனை நான்கு மூலையிலும் அளந்தால் வித்தியாசம் எண்ணாகவே தெரியும். ஜெட்டில் ஏமாற்று இன்னும் சுலபம், எண்ணை விட்டுவிட்டுத் துளையைப் பெரிதாக்கிவிடுவார்கள். பின் கேஜ் என்னும் அளவுக் கம்பியை வைத்துப் பார்த்தால் போதும்: 130 ஜெட்டில் 1.30 பின் நுழையலாம், 1.32 நுழையக் கூடாது.

எனாமல் பலகைக்கு நகமே கருவி. பழைய பலகையில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சூளையில் வைத்திருப்பார்கள், எழுத்தின் ஓரத்தில் நகம் தடுக்கும். தடுக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆணித் துளையைச் சுற்றியுள்ள துரு கருப்பாக இருக்க வேண்டும், காரட் நிறத்தில் அல்ல.

இனி, பட்டறையில் நேரம் தந்தவர்களுக்கு. காட்சிக்கு வைக்கும் கார்புரேட்டரை ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. உள்ளே காய்ந்த பெட்ரோலும் தண்ணீரும் இருந்தால் அலுமினியம் மெல்ல மெல்ல வெள்ளைப் பொடியாகும், அதனால்தான். டி.சி.ஓ.ஈ. என்ற இரட்டைக் குழாய் வகையில் கைவைத்தவர்கள் முதலில் கெடுப்பது, குழாயைத் திறந்து மூடும் தகடான பட்டர்ஃப்ளையின் ஸ்க்ரூவை. ஸ்க்ரூ கழன்று இன்ஜினுக்குள் விழாமல் இருக்க அதன் நுனியைத் தொழிற்சாலையில் விரித்துவிட்டிருப்பார்கள். அந்த விரிந்த நுனியை அரத்தால் ராவாமல் திருப்பினால் பட்டர்ஃப்ளை மாட்டிய தண்டான ஸ்பிண்டிலின் மரை அறுந்து வரும். பட்டர்ஃப்ளையில் 78 என்று அடித்திருப்பது அதன் ஓரம் சீவிய கோணம். கழற்றுமுன் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று படம் எடுத்துவிடுங்கள், திருப்பிப் போட்டால் குழாயின் சுவரைக் கிழிக்கும். மெயின் வென்சுரி இறுகியிருந்தால் சுத்தியல் வேண்டாம். முதலில் அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும். இதை மறந்துவிட்டு அடித்து உடைத்த வென்சுரிகள் ஏராளம். பிறகு உடலை வெந்நீரில் சூடாக்கி, மரக்கட்டையால் தள்ளினால் வரும்.

காஸ்டிக் சோடா பக்கமே போகக் கூடாது, அலுமினியத்தைக் கரைத்துவிடும். கண்ணாடி மணிகளைக் காற்றில் வீசித் துப்புரவாக்கும் பிளாஸ்டிங்கும் வேண்டாம் என்று எங்களைத் தடுத்த அண்ணனுக்கு நன்றி. மணல் வார்ப்பில் வந்த ஆரம்பகால உடல்களில் அந்தச் சொரசொரப்புதான் அடையாளம், பிளாஸ்டிங் அதை வழித்துவிடும். மணிகள் நுண்துளைகளில் ஒளிந்துகொண்டு பத்து வருஷம் கழித்தும் உதிரும். மிதமான சோப்பு நீரில், 50 டிகிரி சூட்டில், அல்ட்ராசானிக் தொட்டியில் சில நிமிடம் வைத்து எடுத்துப் பார்த்து, வேண்டுமானால் இன்னொரு முறை. அதிக நேரம் விட்டால் கறுத்துவிடும்.

பெட்ரோலில் மிதந்து, மட்டம் ஏறினால் ஊசி வால்வை மூடும் ஃப்ளோட்டுகளைச் சோதித்தவரின் குறிப்பு எல்லோருக்கும் பயன்படும். டி.சி.ஓ.ஈ.யின் பித்தளை ஃப்ளோட்டின் எடை 26 கிராம், பெரும்பாலும் அதன் மேலேயே அடித்திருக்கும். காதருகே வைத்து ஆட்டினால் சலசலக்கிறதா பாருங்கள். கேட்காவிட்டாலும் வெந்நீரில் அமிழ்த்துங்கள், விரிசல் இருந்தால் நூலாகக் குமிழி வரும். நம் ஃப்ளோட்டுகளில் ஒன்று 29 கிராம் காட்டியது. யாரோ பெரிய உருண்டையாக ஈயப் பற்று வைத்திருந்தார்கள். எடை கூடினால் ஃப்ளோட் தாழ்ந்து மிதக்கும், ஊசி தாமதமாக மூடும், பெட்ரோல் மட்டம் ஏறிப்போய்க் கலவை கொழுக்கும். வண்டிக்கு ஆகாது. ஆனால் அதைப் பிரித்துச் சரிசெய்யாமல் அப்படியே அட்டவணையில் சேர்த்திருக்கிறோம். மாற்று கிடைக்காத ஊரில் ஒருவர் வண்டியை ஓட வைத்த கதை அந்த ஈய உருண்டையில் இருக்கிறது.

காகித வேலை செய்தவர்கள் சத்தமில்லாமல் அதிகம் உழைத்தார்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை முன்பக்கமாக இழுக்காமல், பின்புறம் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி எடுத்து, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துத் தந்தார் பைண்டிங் ஐயா. ஸ்கேன் செய்தவர் எழுத்துப் பக்கங்களை 400 டி.பி.ஐ.யிலும் புள்ளி அச்சுப் படங்களை 600லும் எடுத்து டிஃப் கோப்பாக வைத்தார். மடித்து வைத்த பெரிய ஜெட் அட்டவணைகளை இயந்திரத்தில் செருகாமல், இருபுறமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து மேலிருந்து படம் எடுத்தார். நீலக் கோட்டு அம்மோனியா பிரதிகளைத் தனி உறையில் வைக்கச் சொன்னவரும் அவரே. அவை வெளிச்சத்தில் மங்கும், பக்கத்துத் தாளையும் கறைப்படுத்தும்.

பாலியெஸ்டர் உறை வாங்கித் தந்தவர்களுக்கு நன்றி. பி.வி.சி. உறையோடு வந்த ஸ்டிக்கர்களில் மை உறைக்கே போய்விட்டது. செல்லோடேப் ஒட்டிய பக்கங்களை யாரும் பிரிக்க முயல வேண்டாம். அலமாரியில் ரசகற்பூர உருண்டை போட வேண்டாம், அது சில பிளாஸ்டிக்கை இளக்கும். துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்களை மரப்பெட்டியில் மூடி வைக்கவும் வேண்டாம். மரத்திலிருந்து வரும் அமில ஆவி வெள்ளையாகப் பூக்க வைத்துவிடும். இரும்பு பீரோவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல்லை மாதம் ஒருமுறை அடுப்புச் சூட்டில் உலர்த்த மறந்தால் அது வெறும் கூழாங்கல்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறோம். பத்திரிகை விளம்பரங்களைக் கத்தரித்து ஃப்ரேம் போட்டு விற்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் இதழின் பெயரும் மாதமும் கத்தரிக்கோலோடு போய்விடுகிறது, தேதியற்ற அனாதைத் தாள் மிஞ்சுகிறது. முழு இதழாகத் தந்த மூன்று குடும்பங்களுக்கும் அதனாலேயே கூடுதல் நன்றி. கிழிந்த அட்டையோடு தந்ததற்கு மன்னிப்பு கேட்டார்கள். அந்தக் கிழிந்த அட்டையில்தான் மாதம் இருந்தது.

இரவலாகத் தந்தவர்களின் பொருட்கள் பார்சல் கட்டித் தயாராக இருக்கின்றன. இரட்டைக் குழாய் டி.சி.ஓ.ஈ. தந்தவர்கள் பிரித்ததும் எண்ணிப் பாருங்கள்: மெயின் ஜெட் 2, எமல்ஷன் டியூப் 2, ஏர் கரெக்டர் 2, ஐடில் ஜெட் 2, பம்ப் ஜெட் 2, ஊசி வால்வு 1. பம்ப் ஜெட்டுக்கு அடியில் ஆளுக்கொரு வாஷர் உண்டு, மெல்லியது. எண்ணெய்ப் பிசுக்கில் பொட்டலக் காகிதத்திலேயே ஒட்டிக்கொள்ளும். காகிதத்தைக் கசக்கிப் போடுமுன் ஒருமுறை உதறிப் பாருங்கள்.

அன்புடன்,
தொகுப்பை ஒழுங்கு செய்தவர்கள்