அம்மா வீட்டுக் குரோட்டன்ஸ்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி.

இங்கே ஒரே செய்திதான். ஊரில் அம்மா வீட்டை விற்றாகிவிட்டது. கடைசியாகப் போனபோது பாத்திரம் பண்டம் எதையும் எடுக்கத் தோன்றவில்லை. திண்ணையோரம் நிற்குமே குரோட்டன்ஸ், அதில் ஆறு குச்சி வெட்டி ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தேன். மஞ்சள் புள்ளி இலையைப் பறித்து நாம் நோட்டுக்குள் வைப்போமே, அதே செடி. விதை போட்டால் நிறமும் புள்ளியும் மாறிவிடும். குச்சியில் வளர்வது அம்மா நட்ட அந்தச் செடியேதான். அதனால்தான் பிழைக்க வேண்டுமே என்று அப்படித் தவித்தேன்.

நீ வைப்பதெல்லாம் அழுகிவிடுகிறது என்றாயே, எனக்கும் இரண்டு போயின. இரண்டும் நுனியில் இருந்த இளம்பச்சைத் தண்டுகள். அடி கறுத்துக் கொழகொழவென்று ஆகிவிட்டது. பென்சில் கனத்தில், பாதி முற்றிய நாலும் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டினேன். பால் வடிந்தது, அது நிற்கும்வரை தண்ணீரில் அலசினேன். சேலையில் பட்டால் கறை போகாது, பார்த்துக்கொள். மேலே மூன்று இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் குறுக்கே பாதியாக நறுக்கினேன். அவ்வளவு அழகான இலையை நறுக்க மனசே வரவில்லை. ஆனால் இலை வழியாகப் போகும் ஈரத்தை வேரில்லாத தண்டு எங்கிருந்து ஈடுகட்டும்? மணலும் தேங்காய் நார்க்கழிவும் சரிபாதி. உரம் போடவே இல்லை. அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் குச்சிகள்மேல் மூடிபோலக் கவிழ்த்து, வெயில் நேராகப் படாத இடத்தில் வைத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றாதே. உன் செடி அழுகியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

இருபதாம் நாள் பொறுக்காமல் ஒன்றை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். வேர் இல்லை. வெட்டிய இடத்தைச் சுற்றி மட்டும் அரிசிக் குருணை ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாகப் புடைத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது, அப்படியே திரும்ப வைத்தேன். ஆறாவது வாரம் இலையைப் பிடித்து லேசாக இழுத்தால் மண் விடவில்லை!

அப்புறம், உன் பேத்தி மணிபிளாண்ட் இலையை மட்டும் கிள்ளித் தண்ணீரில் போட்டிருக்கிறாளே, அது வேர் விட்டாலும் கொடியாகாது. துளிர் வருவது கணுவிலிருந்துதான். இலைக்காம்பு சேரும் இடத்தில் தண்டில் பழுப்பாக ஒரு வேர்முண்டு தெரியும், அதையும் சேர்த்து வெட்டச் சொல். இரண்டு மூன்று வாரத்தில் பாட்டிலுக்குள் வெள்ளை வேர் ஓடுவதை அவளே பார்ப்பாள்.

நாலில் இரண்டு உனக்கு. தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருகிறேன். காலை வெயில் விழும் இடமாகப் பார்த்து வை. நிழலிலேயே இருந்தால் மஞ்சள் மங்கிப் பச்சையாகிவிடும். இப்போதே ஒரு மண்தொட்டி வாங்கிவிடு, அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி