பேரக்குழந்தையின் குவில்ட்டுக்கு எந்தப் பஞ்சு? சித்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்திக்கு,

பாட்டியாகப் போகிறீர்கள் என்று கேட்டதிலேயே சந்தோஷம். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்து, மூன்றையும் சேர்த்து வரிவரியாகத் தைத்து, குழந்தைக்கு நீங்களே ஒரு குவில்ட் செய்கிறீர்கள் என்றதும் சந்தோஷம் இரட்டிப்பாகிவிட்டது. மேல் துணி முழுக்க ஒட்டுப்போட்டு முடித்தாகிவிட்டது, உள்ளே வைக்க நல்ல தடிமனான பஞ்சாக ஒன்று சொல்லு என்று கேட்டிருந்தீர்கள். தடிமன் வேண்டாம் சித்தி. ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது எதற்குப் பயன்படப் போகிறது என்று பார்ப்போம். குழந்தை தூங்கும்போது போர்த்திவிட என்று நினைத்திருப்பீர்கள். முதல் ஒரு வருடத்துக்கு அது கூடாது. தூங்கும் இடத்தில் போர்வை, தலையணை, மெத்தென்ற பொம்மை எதுவும் இருக்கக் கூடாது, மூச்சு அடைபடும் ஆபத்து உண்டு என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2022-ல் புதுப்பித்த தூக்க வழிகாட்டுதலிலும் இதுதான் இருக்கிறது. ஆகவே நீங்கள் தைப்பது தரையில் விரிப்பதற்கு. முழித்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க, குழந்தை அதன் மேல் குப்புறப் படுக்கும், உருளும், பால் கக்கும், நனைக்கும். கதகதப்புக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும், அதைத் தாங்குமா என்பதுதான் பார்க்க வேண்டியது. பஞ்சு, பின்துணி, ஓரம் மூன்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே தேர்ந்தெடுங்கள்.

குவில்ட்டுக்குள் வைக்கும் இந்தப் பஞ்சு விரிப்புக்குப் பேட்டிங் என்று பெயர், கடையில் அப்படிக் கேட்டால் நாலைந்து வகை எடுத்துப் போடுவார்கள். என் ஓட்டு மெல்லிய காட்டனுக்கு. தட்டையாகப் படியும், கையும் முழங்காலும் ஊன்றும்போது வழுக்கிக்கொண்டு ஓடாது. துவைக்கத் துவைக்க மெதுவாகும். முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். 40 அங்குலத்துக்கு ஒன்றேகால் முதல் இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துவைக்காத துணியோடு சேர்த்துத் தைத்தால் பஞ்சும் துணியும் சேர்ந்து சுருங்கி, தையல் வரிகளுக்கு நடுவே சின்னச் சின்னச் சுருக்கம் விழும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். உங்களுக்கு வழவழவென்று வேண்டும் என்றால் துணியை முன்னாலேயே துவைத்துவிடுங்கள். பஞ்சைத் துவைக்கலாமா என்று அதன் உறையில் போட்டிருப்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சில வகை தண்ணீரில் பிய்ந்துவிடும். இன்னொன்று, வெளுக்காத காட்டனில் விதைத் துணுக்குகள் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். உங்கள் மேல் துணியில் வெள்ளை நிறைய இருப்பதால் வெளுத்த பஞ்சையே கேளுங்கள்.

80 பங்கு காட்டனும் 20 பங்கு பாலியஸ்டரும் கலந்ததும் நல்லதே. சுருக்கம் குறைவு, எடையும் குறைவு. முழு பாலியஸ்டர் சீக்கிரம் காயும், விலையும் மலிவு. ஆனால் மட்டமான ரகமாக இருந்தால் அதன் இழைகள் துணியைத் துளைத்துக்கொண்டு மயிர் மயிராக வெளியே நீட்டும், அடர் நிறத்தில் பளிச்சென்று தெரியும். சூடான இஸ்திரியும் ஆகாது. கம்பளிப் பஞ்சில் ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெந்நீரில் போட்டு அலச முடியாத ஒன்றைக் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொடுத்து என்ன பயன்? மூங்கில் என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ் இழை. மிருதுவாகத்தான் இருக்கும். அதிக விலை கொடுக்கும் அளவுக்கு எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

எந்த வகை என்பதைவிட, உறையில் பொடி எழுத்தில் இருக்கும் ஓர் எண்தான் எனக்கு முக்கியம்: தையல் வரிகளுக்கு நடுவே அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்பது. சும்மா படியவைத்த காட்டனுக்கு 2 முதல் 4 அங்குலம்தான் இருக்கும். ஊசிகளால் குத்தி, மெல்லிய வலை ஒன்றோடு பிணைத்த வகையில் 8, 10 அங்குலம்கூட விடலாம். அந்த இடைவெளியைத் தாண்டினால் நாலைந்து துவைப்பில் பஞ்சு நகர்ந்து ஒரு மூலையில் கட்டிபிடித்துவிடும், அப்புறம் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும். வலை வைத்த வகையில் கைத்தையல் கொஞ்சம் சிரமம், மிஷினுக்குப் பிரச்சினை இல்லை. நீங்கள் மிஷினில்தான் போடப்போகிறீர்கள் என்றாலும் 4 அங்குலத்துக்கு மேல் விட வேண்டாம் என்பது என் கருத்து. வாங்கும்போது பஞ்சை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். திட்டுத் திட்டாக இருட்டும் வெளிச்சமுமாகத் தெரிந்தால் அதை வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

உறையே இல்லாமல் வெட்டிக் கொடுத்தால்? ஒரு சிட்டிகை பிய்த்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம். கலப்பு என்றால் சாம்பலுக்குள் கெட்டித் துணுக்கு தட்டுப்படும்.

பின்துணிக்கு காட்டன் ஃபிளானல் போதும். மற்றத் துணிகளைவிடக் கூடுதலாகச் சுருங்கும் என்பதால் அதை மட்டும் கட்டாயம் முன்னாலேயே துவைத்துக் காயப்போடுங்கள். மிங்கி என்கிற மெத்துமெத்தென்ற ரோமத் துணி தொட்டால் விடமனசு வராது, ஆனால் மிஷினுக்கு அடியில் இழுபட்டு நழுவும். முதல் குவில்ட்டுக்கு வேண்டாத வேலை. பஞ்சும் பின்துணியும் நாலு பக்கமும் மேல் துணியைவிட 3 அங்குலம் அதிகமாக இருக்கட்டும், தைக்கத் தைக்க உள்ளே இழுக்கும்.

இனி ஓரம். குவில்ட்டில் முதலில் நைந்துபோவது அதுதான். குழந்தை வாயில் வைத்துச் சப்புவதும் அதைத்தான். சாட்டின் ரிப்பன் வைத்தால் அழகாக இருக்கும் என்றீர்கள். இருக்கும், முதல் சில மாதம். அப்புறம் நூல் பிரியும், நகத்தில் மாட்டி இழுபடும். அந்த வழவழப்பு குழந்தைக்குப் பிடிக்குமே என்றால் நடுவில் ஒரு கட்டத்தைச் சாட்டினில் வைத்து நாலு பக்கமும் அழுத்தமாகத் தைத்துவிடுங்கள். ஓரத்துக்கு காட்டன் பைண்டிங், அதாவது விளிம்பைச் சுற்றி மூடும் துணிப் பட்டை, அதுவும் நீளவாக்கில் இரண்டாக மடித்தது. விளிம்பில் இரண்டு அடுக்குத் துணி வருவதால் ஒன்று தேய்ந்தாலும் இன்னொன்று நிற்கும். ஓரம் நேராக இருப்பதால் கிராஸ் பீஸ், அதாவது துணியைச் சாய்வாக வெட்டிய பட்டை, தேவையில்லை. மூலையை வளைத்து வெட்டினால் மட்டும் கிராஸ் வேண்டும்.

உங்கள் மேல் துணி 36-க்கு 42 என்று சொன்னீர்கள். சுற்றளவு 156 அங்குலம். மூலை மடிப்புக்கும் முடிவில் இணைக்கவும் 12 சேர்த்தால் 168. துணியின் அகலத்தில் 42 அங்குலம் கிடைத்தால் நாலு பட்டை சரியாக வருவது போலத் தோன்றும், ஆனால் சாய்த்து ஒட்டும் ஒவ்வோர் இணைப்பும் கொஞ்சம் தின்னும். இரண்டரை அங்குல அகலத்தில் ஐந்து பட்டையாகவே வெட்டிவிடுங்கள். முன்பக்கம் கால் அங்குலம் விட்டு மிஷினில் அடித்து, பின்பக்கம் மடித்து அதையும் மிஷினிலேயே அடியுங்கள். கைத்தையல் பார்வைக்கு நேர்த்திதான், துவைப்புக்கு மிஷின் தையல்தான் நிற்கும்.

பொத்தான், மணி, குஞ்சம் எதுவும் வேண்டாம், வாய்க்குள் போகும். மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க ஊக்கு குத்துவீர்கள் இல்லையா, எத்தனை என்று எழுதி வைத்து, கழற்றும்போது எண்ணிச் சரிபாருங்கள். தையல் வரிக்குக் கோடு போடும் பேனாவின் மை தண்ணீரில் போகும் வகையா என்று ஒரு துண்டுத் துணியில் பார்த்த பிறகே மேல் துணியில் வையுங்கள். அந்த மை முழுக்கப் போகும்வரை இஸ்திரி பெட்டியைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், சூடு பட்டால் சில மை அப்படியே தங்கிவிடும்.

பஞ்சு வாங்கியதும் உறையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், தையல் வரிகளை எப்படிப் போடலாம் என்று சேர்ந்து முடிவு செய்வோம். சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்