புள்ளி மாடும் உன் குதிகாலும்

அப்புத்தளை
18 ஒக்டோபர்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரம் ஓடிவிட்டது. பேத்தி பிறந்த சேதியை வீட்டில் வாசித்துக் காட்டினேன், எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே போன கிழமைதான் மழை பிடித்தது. அதுவரை பீலியில் தண்ணீர் நூலாகத்தான் வழிந்தது. கொழுந்தும் இல்லை, மலைக்குப் போனவர்களுக்குப் பல நாள் அரைப் பேர், பாதிச் சம்பளம்தான். நாம் இருந்த லயத்து வரிசை வீடுகளில் உங்கள் காம்பராவுக்கு மட்டும் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள். காரணம் யாருக்கும் தெரியாது.

நாலு பக்கம் ஊர்க்கதை எழுதிவிட்டு, கடைசி மூன்று வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறாய். குதிகாலில் கறுப்பாக ஒரு படை, ஒரு வருடமாக இருக்கிறது, வலி இல்லை. வெளிச்சம் பட்டால் தோல் புற்றுநோயைக் கொல்லும் மருந்து வந்திருக்கிறதாமே, அப்படி ஏதாவது இருந்தால் கத்தி வைக்காமல் முடியுமா என்று. தங்கச்சி மகள் பேராதனையில் இரசாயனவியல் படிக்கிறாள். லீவில் வந்தபோது பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். வீட்டில் புள்ளி இல்லாவிட்டால் அவள் சொன்னதில் பாதி எனக்குப் புரிந்திருக்காது.

புள்ளி எங்கள் பசு, கறுப்பும் வெள்ளையுமான ஃபிரீஷியன் கலப்பு. ஓகஸ்ட் வரட்சியில் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் ஓடையோரத்து உண்ணிச்செடியை மேய்ந்துவிட்டது. சில நாளில் தீனி எடுக்கவில்லை, கண் மஞ்சளாகியது. பிறகு முதுகிலும் மடியிலும் தோல் வெடித்து, காய்ந்த வாழைச் சருகு மாதிரி உரியத் தொடங்கியது. யாரோ வெந்நீரைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்துக் காம்பராக்காரனோடு சண்டைக்கே போய்விட்டேன். மாட்டு டொக்டர் வந்து என் கையைப் பிடித்து அதன் முதுகில் வைத்துக் காட்டினார். வெள்ளை மயிர் இருந்த இடம் மட்டும் உரிந்திருந்தது. கறுப்பு தொடங்கும் இடத்தில், அடிமட்டம் வைத்துக் கோடு போட்டமாதிரி, புண் நின்றுவிட்டது. வெயில் பார்த்த வேலை அது.

புல்லின் பச்சையம் மாட்டு வயிற்றில் உடைந்து ஃபைலோஎரித்ரின் என்ற பொருளாகுமாம். ஈரல் அதைப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். உண்ணிச்செடியின் நஞ்சு ஈரலைக் கெடுத்துவிட்டால் அது இரத்தத்திலேயே தங்கித் தோலுக்கு வந்து சேர்ந்துவிடும். கொட்டிலின் இருட்டில் அதனால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. வெயிலில் போய் நின்றால்தான் வினை.

“நீங்க கேட்கிற வைத்தியமும் இதுதான் மாமா, அங்க தெரிஞ்சே செய்றாங்க” என்றாள் மருமகள்.

செய்கிற விதம் இப்படி. அமினோலெவுலினிக் அமிலம் கலந்த களிம்பைப் புண்ணில் பூசி, ஏறக்குறைய மூன்று மணி நேரம் மூடி வைக்கிறார்கள். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளைச் செய்வதற்கு நம் உடம்பே பயன்படுத்துகிற மூலப்பொருள்தான் அது. கெட்ட கலங்கள், அங்கே நீங்கள் செல் என்பீர்களே, அதை வாங்கிப் புரோட்டோபோர்ஃபிரின் என்ற பொருளாக்கி, நல்ல கலங்களை விட அதிகமாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அப்புறம் 630 நானோமீற்றர் அளவிலான சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினால், அந்தப் பொருள் வாங்கிய சக்தியைப் பக்கத்தில் இருக்கிற ஒட்சிசனுக்குக் கொடுத்துவிடும். வெறிபிடித்த அந்த ஒட்சிசன் கண்மூடித் திறப்பதற்குள் அடங்கிவிடும், அதற்குள் பிறந்த கலத்தையே அரித்துவிடும். கத்தி இல்லை, தழும்பும் குறைவு. ஆனால் விளக்கு எரியும்போது நன்றாக எரிச்சல் எடுக்குமாம், அதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் கிங்ஸ்டன் நகரில் கென்னடி, பொட்டியர் முதலானோர் 1990இல் இந்தக் களிம்பு முறையை எழுதினார்கள்.

ஆனால் ஆரம்பம் அதற்கும் முந்தியது. மியூனிக் நகரில் ஒஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவன் சாயம் கலந்த தண்ணீரில் ஓரணு உயிர்களை விட்டுப் பார்த்தான். ஒரு நாள் சீக்கிரம் செத்தன, இன்னொரு நாள் அதே சாயத்தில் நெடுநேரம் நீந்தின. சாயம் ஒன்றுதான், அறைக்குள் வந்த வெளிச்சம்தான் வேறு. அதை அவன் 1900இல் எழுதினான். மூன்றே வருடத்தில் அவன் ஆசிரியர் தப்பைனர் தோல் புற்றுக்கு இயோசின் சாயம் பூசி வெளிச்சம் காட்டிவிட்டார். அதற்கப்புறம் மேயர்-பெட்ஸ் என்ற டொக்டர் இப்படியொரு பொருளை 200 மில்லிகிராம் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு வெயிலில் போனார். முகம் வீங்கி, இரண்டு மாதத்துக்கு மேல் வெயிலைக் கண்டாலே ஆகவில்லை. புள்ளியைப் பார்த்தவனுக்கு அந்த மனுஷனை நினைத்துச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. தேயிலை ஸ்டோரில் கொழுந்து கறுப்பாவதற்குப் பச்சையம் உடைந்து ஃபியோஃபைற்றின், ஃபியோஃபோர்பைட் ஆவதும் ஒரு காரணமாம். ஃபியோஃபோர்பைட்டையும் ஆய்வுகூடங்களில் புற்றுக் கலங்கள் மேல் சோதிக்கிறார்கள். “அப்ப தேத்தண்ணி குடிச்சிட்டு வெயில்ல நின்னா போதுமா?” என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

சரி, உன் காலுக்கு வருகிறேன். இந்த வைத்தியம் தோலின் மேலே மேலாக இருக்கும் புண்ணுக்குத்தான். வெளிச்சம் சில மில்லிமீற்றருக்குக் கீழே போகாது. அதிலும் கறுத்த புண் என்றால் அந்தக் கறுப்பே வெளிச்சத்தைக் குடித்துவிடும். புள்ளியின் கறுப்புத் தோல் தப்பியது ஏன் என்று நினைத்துப் பார். கறுப்புப் புற்றுக்கு, அதாவது மெலனோமாவுக்கு, இது வழக்கமான வைத்தியம் இல்லை. நேரத்தோடு வெட்டி எடுப்பதுதான். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு அது வந்தால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதுதான் அதிகம், வெயிலுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. இங்கே பாதி த்ரீவீலரில் பாடகர் பொப் மார்லி படம் ஒட்டியிருக்கிறதே, அவருக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்ததும் இதுதான். பந்தடிக்கும்போது பட்ட காயம் என்றே முதலில் நினைத்தார்கள். 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் போய்விட்டார், வயது 36.

பயமுறுத்தவில்லை. சின்ன வயதில் வெறுங்காலோடு மலையேறிய கால் அது, முள் குத்திய பழைய இரத்தக்கட்டாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு வருடமாக இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். இரத்தக்கட்டு அவ்வளவு நாள் தங்காது. கோத்தகிரியில் தோல் டொக்டர் இல்லாவிட்டால் ஊட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ போ. ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான். தீபாவளி முடியட்டும், பேத்திக்குப் பெயர் வைக்கட்டும் என்று தள்ளாதே.

புள்ளி இப்போது பரவாயில்லை, புதுத்தோல் இளஞ்சிவப்பாக வந்திருக்கிறது. நாலு மணிக்குப் பிறகுதான் வெளியே அவிழ்க்கிறோம். பக்கத்துக் காம்பராக்காரன் இன்னும் என்னோடு பேசவில்லை.

டொக்டர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே ஒரு வரி போடு. கடிதம் வேண்டாம், மகனிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
கணேசன்