கீசரில் ஓர் ஒத்ததிர்வி: சாட்ஸ்வொர்த் உறவுகளுக்கு நன்றி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தின் அன்புள்ள தமிழ் உறவுகளுக்கு வணக்கம்.

துகள் முடுக்கிகளுக்கான மீக்கடத்தி ஒத்ததிர்விகளைப் பற்றிப் போன ஞாயிறு தமிழ் வகுப்பில் பேசினேன். ஒத்ததிர்வி என்பது மின்புலம் ஒரே சுருதியில் ஊசலாடும் உலோகக் கலம்; மீக்கடத்தி என்பது கடுங்குளிரில் மின்தடையை இழந்துவிடும் பொருள். தலைப்பைப் பார்த்தே பாதிப் பேர் வரமாட்டார்கள் என்றிருந்தேன். நாற்காலி போதவில்லை!

முதல் நன்றி வெல்டர் மாமாவுக்கு. "படத்தைக் காட்டினா யாருக்கு விளங்கும்? சாமானைக் காட்டு" என்றவர், பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு செம்பு கீசரைத் தூக்கிவந்தார். அடிப்பக்கத்தை அறுத்தெடுத்து, மேல்மூடியின் நடுவே ஒரு செம்புக் குழாயைத் தொங்கவிட்டுப் பற்றவைத்தார். நான் டெல்லி முடுக்கி மையத்தில் வேலை பார்த்தபோது கையாண்ட கால் அலை ஒத்ததிர்வியின் (நடுத்தண்டின் நீளம் ஏறக்குறைய அலைநீளத்தில் கால்பங்கு) உருவம் அச்சாக வந்துவிட்டது. அங்கே செம்பல்ல, நையோபியம். சுமார் மைனஸ் 264 டிகிரிக்குக் கீழே அது மீக்கடத்தியாகும். மைனஸ் 269 டிகிரியில் கொதிக்கும் திரவ ஹீலியத்தால் குளிர்விப்பார்கள். உள்ளே மின்புலம் 97 மெகாஹெர்ட்ஸில் ஊசலாட, கடந்துபோகும் அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்கள், வேகம் பிடிக்கும். லோட்டஸ் எஃப்எம் வானொலி கேட்கிற அதே பட்டைதான் என்றதும் பின்வரிசை ஆயாக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஆர்கான் வாயு விட்டுப் பற்றவைத்தால் போதாதா?" என்று கேட்டதும் மாமாதான். போதாது. சூடேறிய நையோபியம் துளி ஆக்சிஜனையும் உறிஞ்சிக் கெட்டுவிடும். அதனால் வெற்றிடத்துக்குள் வைத்து எலக்ட்ரான் கற்றையால் பற்றவைப்பார்கள். அப்புறம் அமிலக் கலவையால் உட்பரப்பை அரித்து, மிகத் தூய நீரைப் பீய்ச்சிக் கழுவுவார்கள். உள்ளே ஒரு தூசி தங்கினாலும் சோதனையில் காட்டிக்கொடுத்துவிடும்: மின்புலத்தைக் கூட்டும்போது அங்கிருந்து எலக்ட்ரான்கள் கொட்டும்.

இந்த இடத்தில் மின்சாரம் போனது. படங்களும் போயின. சைக்கிள் கடைத் தம்பி கொடுத்த எஃகுக் குண்டுகள்தான் காப்பாற்றின. நடுக்குழாயைக் கட்டையால் தட்டச் சொன்னேன். 'ணங்ங்' என்று இழுத்துக்கொண்டே போனது. குழாய்க்குள் ஒரு பிடி குண்டுகளைப் போட்டுத் தட்டினால் வெறும் 'டொக்'. டெல்லியில் செய்ததும் இதைத்தான். மீக்கடத்தி நிலையில் ஒத்ததிர்வியின் சொந்த அலைவரிசை அகலம், அதாவது அது ஏற்கும் அதிர்வெண்களின் இடைவெளி, ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவு. பம்பு அதிர்ந்தாலும் ஹீலியம் குமிழியிட்டாலும் நடுத்தண்டு ஆடி, சுருதி விலகும். தண்டுக்குள் எஃகுக் குண்டுகளைப் போட்டு அந்த ஆட்டத்தைத் தணித்தார்கள். கோடிக்கணக்கில் செலவாகும் கருவிக்கு இப்படி ஒரு வைத்தியம்! எனக்கு இன்றும் பிடித்த சங்கதி அது.

தமிழ் பிடிபடாத பிள்ளைகளுக்கு வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்ன ஆசிரியை அக்காவுக்கும், பீன்ஸ் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி) செய்துவந்த ஆயாக்களுக்கும் நன்றி.

கீசர் வகுப்பின் சாமான் அறையில் இருக்கிறது, தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். குண்டுகளில் பதினொன்று குறைகின்றன. எடுத்த பிள்ளைகளே வைத்துக்கொள்ளட்டும், சைக்கிள் கடையில் காசு கொடுத்துவிட்டேன்.