பேய்க்கும் விதிமுறை உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேயும் பூதமும் தேவர்களும் வந்து சிரிக்க வைக்கும் கதைகளைச் சிறுவர் பகுதிக்கு மாற்றிவிட்டு, மற்றப் பக்கங்களை வாழ்க்கையைச் சொல்லும் கதைகளுக்கே ஒதுக்க வேண்டும் என்று சென்ற இதழின் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் இத்தகைய கதைகளையே விரும்பி எழுதி வருபவன் நான். வாழ்க்கையைக் கூர்ந்து பார்க்காதவரால் மாயக் கதையில் ஒருவரையும் சிரிக்க வைக்க முடியாது என்பதால், அவர் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

புதுமைப்பித்தன் 1943இல் கலைமகளில் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையையே எடுத்துக்கொள்ளலாம். அதில் கடவுள் எடுத்த எடுப்பில் வந்துவிடுவதில்லை. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில் நிற்கும் கந்தசாமிப் பிள்ளை, திருவல்லிக்கேணிக்கு டிராமில் போனால் என்ன மிஞ்சும், பஸ்ஸில் போனால் அரைக் கப் காப்பிக்கு வழி பிறக்குமா என்று அணாக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கணக்கில் வாசகன் ஒன்றிய பிறகுதான் கடவுள் வழி கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். கணக்கு பொய்யாக இருந்திருந்தால் கடவுளும் பொய்யாகிப் போயிருப்பார். மாயத்தை எவ்வளவு பெரிதாக்குகிறோமோ அவ்வளவு சிரிப்பு வரும் என்று எண்ணுவோர் இந்தத் தொடக்கத்தை மட்டுமாவது ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

இன்னொன்று, மாயத்துக்கும் விதி வேண்டும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் விக்கிரமாதித்தன் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ வேதாளம் முருங்கை மரத்துக்கே திரும்பிவிடும். இந்த விதி கதைக்குக் கதை மாறாமல் இருப்பதால்தான், மன்னன் பேசத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் நமக்குப் புன்னகை வருகிறது. நடுவில் ஏதாவது ஒரு வரத்தைக் கொடுத்து அவனைத் தப்பிக்க விட்டிருந்தால் அத்தனை கதைகளும் அங்கேயே முடிந்திருக்கும்.

நம் ஊர்ப் பேய்களுக்கு இத்தகைய விதிகள் ஏற்கெனவே ஏராளமாக இருக்கின்றன. நாம் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. பேயின் கால் தரையில் பாவாது. இரும்பைக் கண்டால் அஞ்சும், வேப்பிலைக்கு அடங்கும். உச்சிப் பொழுதிலும் நள்ளிரவிலும்தான் நடமாடும். பேய் ஓட்டுபவர், பேய் பிடித்தவரின் முடியைச் சேர்த்துப் புளிய மரத்தில் ஆணி அடித்துவிட்டால் அந்த மரத்தை விட்டு அது நகர முடியாது. இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் கதை முழுவதும் இந்த விதிகளிலிருந்தே பிறந்தது. சாலையை அகலப்படுத்துவதற்காக ஒரு பழைய புளிய மரத்தை வெட்டுகிறார்கள். ஆணியிலிருந்து விடுபட்ட பெண் பேய்க்குத் தங்க இடம் இல்லை. நெடுஞ்சாலைத் துறையினர் மரத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்து எழுதியிருந்த எண்ணையே தன் கதவு எண்ணாகக் குறிப்பிட்டு, மாற்று மரம் கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறாள்.

அலுவலகத்தின் வாசலில் இரும்புக் கதவு. உள்ளே போக முடியாது. வெளியே மனு எழுதிக் கொடுப்பவர் உட்கார்ந்திருப்பதோ வேப்ப மரத்தடியில். அவரையும் நெருங்க முடியாது. கிடைத்த ஆள் மூலமாக மனுவை உள்ளே அனுப்பினால், மனுதாரரே நேரில் வர வேண்டும் என்று திருப்பிவிடுகிறார்கள். பகலில் அவளால் வெளியே வர முடிவது உச்சிப் பொழுதில் மட்டும். கதவுக்கு வெளியே வரிசையில் நின்றாலும், அவளுடைய முறை வரும் நேரத்தில் எழுத்தர் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுகிறார். அவர் கை கழுவிவிட்டு வந்து உட்காருவதற்குள் உச்சி சாய்ந்துவிடுகிறது. இதில் நான் சேர்த்த வேடிக்கை என்று எதுவும் இல்லை. பேயின் நேரத்தையும் அலுவலகத்தின் நேரத்தையும் உள்ளபடியே அருகருகே வைத்தேன். சிரிப்பு தானாக வந்தது. அவள் பறப்பதாகவோ விசுவரூபம் எடுப்பதாகவோ ஒரு வரி எழுதியிருந்தாலும், பறந்தே போயிருக்கலாமே என்று வாசகர் கேட்பார். வரிசையில் நிற்பதற்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

இந்தக் கதைகளில் நான் மிகவும் கவலைப்படுவது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைப் பற்றித்தான். நாட்டுப்புறக் கதைகளில் பேயாகத் திரியும் பெண்களில் பலர் பிரசவத்தில் இறந்தவர்கள், தூக்குப் போட்டுக்கொண்டவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள். அவர்களை விகாரமாக்கிக் காட்டிச் சிரிக்க வைப்பது எளிது. நம் திரைப்படங்களில் அது நிறையவே நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உயிரோடு இருந்தபோது தன் குறையைச் சொல்ல ஓர் இடமும் இல்லாதவள், செத்த பிறகும் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்றால், வாசகரின் சிரிப்பு அவள் மேல் விழாமல், அவளை நிற்க வைத்திருக்கும் வழக்கத்தின் மேல் விழ வேண்டும். ஆகவே அவள் பேசும் பேச்சில் ஒரு சொல்கூட வேடிக்கைக்காக இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். ‘ஐயா, இந்த மரத்துல நான் எத்தனையோ வருசமா இருக்கேன், புளி ஏலம் எடுத்தவங்களக் கேட்டுப் பாருங்க’ என்று அவள் மன்றாடுகிறாள். எழுத்தரும் கொடியவர் அல்லர். படிவத்தில் மரத்துக்கான கட்டம் இல்லையே என்று உண்மையாகவே வருந்துகிறார். கதை சொல்பவன் இவர்கள் இருவரையும் முழு மரியாதையோடு நடத்த வேண்டும். அவன் முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் வாசகருக்குச் சிரிக்க எதுவும் மிஞ்சாது.

முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. திடுக்கிட்டு விழித்தான், எல்லாம் கனவு என்று முடிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. பேயை நம்பி நாலு பக்கம் கூடவே வந்த வாசகரை அது ஏமாளியாக்கிவிடுகிறது. அவளுக்கு வேறு மரம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எதுவானாலும் அந்த விதிகளுக்கு உட்பட்டே நடக்க வேண்டும்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இத்தகைய கதைகளைத் தீபாவளி மலருக்கென்று எடுத்து வைக்காமல் மாத இதழிலும் வெளியிட வேண்டும். அவற்றுக்கு ஒரு பக்கம் போதாது. அலுவலகத்தையும் விதிகளையும் வாசகர் நம்பும்படி நிறுவுவதற்கே ஒரு பக்கம் ஆகிவிடுகிறது. துணுக்குக்கான இடத்தில் துணுக்குத்தான் எழுத முடியும். அடுத்து, ஓவியருக்கு. கோரைப் பல்லும் விரித்த கூந்தலும் வெள்ளைச் சேலையுமாகப் பேயைத் தலைப்பிலேயே வரைந்துவிட்டால், எழுத்தாளர் பாடுபட்டுக் காத்து வைத்த அமைதி முதல் பார்வையிலேயே கலைந்துவிடும். மேசையையும் கோப்புக் கட்டுகளையும் மனு எழுதுபவரின் தட்டச்சுப் பொறியையும் அவர் வரையட்டும். பேயை வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகன்,
திண்டுக்கல்.