பீடத்தின் உயரம் குறித்து: பொதுச் சிற்பக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பொது இடங்களில் மனித உருவச் சிற்பங்களைத் தேர்ந்தெடுத்து நிறுவும் குழுக்களில் பொறுப்பு வகிக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

துன்பப்பட்ட மனிதர்களின் நினைவாக ஓர் உருவச் சிற்பம் வைப்பதென்று முடிவான பிறகு, உங்கள் மேசைக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. வெண்கலமா கல்லா, கல்வெட்டில் என்ன வாசகம், திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்பவற்றை நீங்கள் நீண்ட நேரம் விவாதிக்கிறீர்கள். அந்த உருவத்துக்கும் அதைக் கடந்து போகும் மனிதருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்ற கேள்வியோ பொறியாளரின் வரைபடத்தோடு முடிந்துவிடுகிறது. பார்ப்பவர் மனத்தில் பரிவு எழுமா எழாதா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்தத் தூரம்தான் என்று நான் கருதுகிறேன். அதை உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

உங்களுக்கு முன்பே இந்தக் கேள்வியில் தடுமாறிய ஒரு குழு உண்டு. 1347ஆம் ஆண்டு, ஏறத்தாழ பதினொரு மாத முற்றுகைக்குப் பிறகு, பிரான்சின் கலே நகரம் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டிடம் பணிந்தது. ஊர் மக்கள் பிழைக்க வேண்டுமானால் நகரப் பெருமக்கள் ஆறு பேர் வெறுங்காலோடும் கழுத்தில் கயிற்றோடும் நகரத்தின் சாவிகளை ஏந்தித் தன் முன் வந்து நிற்க வேண்டும் என்று மன்னர் கட்டளையிட்டதாகவும், அரசி ஃபிலிப்பா மன்றாடியதால் அந்த அறுவரின் உயிர் தப்பியதாகவும் அக்கால வரலாற்றாசிரியர் ஃபுருவாசார் எழுதியிருக்கிறார். ஐந்து நூற்றாண்டுகள் கழித்து அதற்கு நினைவுச் சின்னம் எழுப்ப விரும்பிய கலே நகரம், சிற்பி அகஸ்டே ரோடினிடம் அந்தப் பணியை ஒப்படைத்தது.

குழுவினர் எதிர்பார்த்தது வீரத்தை. 1885இல் ரோடின் காட்டிய மாதிரியில் அவர்கள் கண்டதோ சாகப் போகிற மனிதர்களின் முகங்களை. ஒருவர் இரு கைகளாலும் தலையைப் பற்றிக்கொண்டு குனிந்திருக்கிறார். சாவியை ஏந்தியவர் தாடையை இறுக்கியபடி விறைத்து நிற்கிறார். தாடி வைத்த முதியவர் தோள் தளர்ந்து, வீங்கிய கைகள் இருபுறமும் தொங்க, அடியெடுத்து வைக்கிறார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லோரும் ஒரே முடிவை எடுத்தவர்கள் என்றாலும், அதற்கு ஒவ்வொருவரும் தனித்தனியே தவித்து விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை அந்தப் பாரா முகங்களே சொல்லிவிடுகின்றன. இப்படிச் சோர்ந்து போனவர்களையா நம் ஊர் வீரர்கள் என்று காட்டுவது என்று குழு குறைபட்டுக்கொண்டது. ரோடின் பணியவில்லை.

அவர் அந்த அறுவரையும் பீடமின்றி, ஊர்ச் சதுக்கத்தின் தரையிலேயே, அன்றாடம் நடந்து போகும் மக்களோடு மக்களாக நிறுத்த விரும்பினார். ஆனால் 1895இல் சிற்பம் திறக்கப்பட்டபோது அது உயர்ந்த பீடத்தின் மேல், இரும்புக் கிராதிக்குள் இருந்தது. 1924இல் நகர மன்றக் கட்டடத்தின் முன்புறத்துக்கு இடம் மாற்றியபோதுதான் பீடத்தைத் தாழ்த்தினார்கள். ரோடின் 1917இலேயே இறந்துவிட்டிருந்தார். அவரே வேறொரு சமயத்தில், வானமே பின்புலமாகத் தெரியும்படி மிக உயரமான ஒரு சாரத்தின் மேல் இவர்களை வைக்கலாமா என்றும் யோசித்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மரியாதைக்காகப் போடப்படும் நடுத்தர உயரம் இரண்டு யோசனைகளிலுமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பீடத்தின் மேல் நிற்பவரை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். அவர் செய்தது நம்மால் ஆகாத காரியம் என்று அந்தப் பார்வையே முடிவு கட்டிவிடுகிறது; வணங்கிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். அதே மனிதர் நம் தோளுயரத்தில் நிற்கும்போது அவரைச் சுற்றி நடக்க வேண்டியிருக்கிறது, கழுத்துக் கயிற்றின் முறுக்கு கண்ணெதிரே வருகிறது, அந்த அறுவரில் ஒருவராக நான் முன்வந்திருப்பேனா என்ற சங்கடமான கேள்வியும் கூடவே வருகிறது. எதிரில் இருக்கும் உடலின் அசைவையும் வலியையும் நம் உடல் தனக்குள் ஒத்திகை பார்த்துக்கொள்கிறது என்று சில மூளை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பரிவு முழுவதையும் அதைக் கொண்டே விளக்கிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் குனிந்த முதுகைக் கண்டால் நம் முதுகும் ஒரு கணம் கனப்பதை உணராதவர் இருக்க முடியாது.

உயரம் எப்போதுமே தவறு என்பதல்ல. சென்னை மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை பீடத்தின் மேல்தான் நிற்கிறது. பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்கும் அந்த நால்வரின் உடலில் ஏறும் விசை தொலைவிலிருந்தும் தெரிகிறது, தெரியவும் வேண்டும். உழைப்பின் வலிமையைக் கொண்டாடும் சிற்பத்துக்கு உயரம் பொருந்துகிறது. நான் பேசுவது வேறு வகைச் சிற்பத்தைப் பற்றி: இழப்பையும் அவமானத்தையும் பசியையும் சுமப்பவர்களின் உருவங்களைப் பற்றி.

சியோலில், ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிரே, 2011 டிசம்பரில் வைக்கப்பட்ட சிறுமியின் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களின் நினைவாக, கிம் சியோ கியுங், கிம் இயுன் சுங் என்ற சிற்பித் தம்பதியர் செய்தது அது. நாற்காலியில் அமர்ந்திருக்கும் அவளுடைய கைகள் மடியில் முட்டியாக இறுகியிருக்கின்றன. வெறும் பாதங்களின் குதிகால்கள் தரையில் படியவில்லை. அருகில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அங்கே வந்தவர்கள் அதில் உட்கார்ந்தார்கள். குளிர்காலத்தில் யாராவது அவளுக்குத் தொப்பி போட்டார்கள், கழுத்தில் துண்டைச் சுற்றிவிட்டார்கள். வெண்கலத்துக்குக் குளிராது என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? அந்தச் செய்கைக்கு இடம் கொடுத்ததுதான் சிற்பிகளின் வெற்றி. எட்டாத உயரத்தில் வைத்திருந்தால் அந்தத் துண்டு யார் கையிலும் இருந்திருக்காது.

வாஷிங்டனில் 1997இல் திறக்கப்பட்ட ரூஸ்வெல்ட் நினைவிடத்தில், ஜார்ஜ் சீகல் வடித்த ஐந்து ஆண்கள் 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் கால உணவு வரிசையில் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆறாவது ஆளாகப் போய் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள் சுற்றுலா வந்தவர்கள். சிலர் சிரித்தபடியும் நிற்பார்கள். இது அவமதிப்பு என்று உங்கள் குழுவில் யாரேனும் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிரிப்பவரும் படத்துக்காகத் தோளைக் குறுக்கி, முன்னே நிற்பவரின் முதுகைப் பார்த்தபடி ஒரு நிமிடம் அந்த வரிசையில் இருந்துவிட்டுத்தான் போகிறார்.

உயரத்தைப் போலவே உருவத்தின் அளவும் கவலைக்குரியது. ஜெர்மனியப் பெண் சிற்பி கேத்தே கோல்விட்ஸ் தம் இளைய மகன் பீட்டரை 1914 அக்டோபரில், முதல் உலகப் போரில் இழந்தார். அவனுக்காக அவர் செய்யத் தொடங்கிய நினைவுச் சிற்பம் முடிந்து கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட 1932 ஆனது. இப்போது பெல்ஜியத்தின் ஃப்லாட்ஸ்லோவில் இருக்கும் அந்தச் சிற்பத்தில் தந்தையும் தாயும் தனித்தனிக் கற்களில், இடைவெளி விட்டு மண்டியிட்டிருக்கிறார்கள். தாய் குனிந்திருக்கிறார், தந்தை கைகளைக் கட்டித் தம்மையே இறுக அணைத்துக்கொண்டிருக்கிறார். ஒரே துயரத்துக்குள் இருந்தும் ஒருவரையொருவர் தேற்ற முடியாத அவர்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடமே அந்தச் சிற்பத்தின் மையம். இதே சிற்பி 1930களின் இறுதியில் செய்த, இறந்த மகனை மடியில் ஏந்திய தாயின் சிற்பம் சுமார் 38 சென்டிமீட்டர் உயரமே உடையது. அதை ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருக்கி 1993இல் பெர்லினின் நோயே வாக்கே நினைவு மண்டபத்தில் வைத்தபோது, அந்தரங்கத் துயரத்தை அரசுச் சின்னமாக ஊதிப் பெருக்கிவிட்டார்கள் என்று கடுமையான விமர்சனம் எழுந்தது. கூரையின் திறப்பு வழியே மழையும் பனியும் அந்தத் தாய் மீது விழுவதைப் பார்ப்பவர்கள் கலங்குவது உண்மை. ஆயினும் கைக்குள் அடங்கும் துயரத்தைப் பெரிதாக்கினால் அது பெரிய துயரமாகிவிடும் என்ற எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

இனி, எனக்கே எளிதில் விடை சொல்ல முடியாத எதிர்ப்புக்கு வருகிறேன். சிலைக்குத் துண்டு போர்த்துபவர், சிலைக்குப் பக்கத்தில் குளிரில் கிடக்கும் மனிதரைத் தாண்டிப் போகலாம். சிற்பத்தின் முன் கலங்கிய கண்களே தம் கடமை முடிந்தது என்ற நிறைவையும் தந்துவிடலாம். கனடாவைச் சேர்ந்த சிற்பி திமோதி ஷ்மால்ஸ் செய்த வீடற்ற இயேசுவின் சிற்பம் அமெரிக்காவின் டேவிட்சன் என்ற ஊரில் தேவாலயம் ஒன்றின் அருகே வைக்கப்பட்டபோது, யாரோ வீடற்றவர் படுத்திருப்பதாக எண்ணிய ஒருவர் காவல்துறையை அழைத்தார். போர்வைக்குள் முகமும் கைகளும் மறைந்திருக்க, ஆணி பாய்ந்த வடுக்களோடு பாதங்கள் மட்டும் வெளியே தெரியும் சிற்பம் அது. பெஞ்சின் கடைசியில் ஒருவர் உட்கார இடமும் விடப்பட்டிருக்கிறது. அந்தத் தொலைபேசி அழைப்பைச் சிற்பத்தின் தோல்வி என்று சொல்ல மாட்டேன். நாம் பரிவு என்று நம்பிக்கொண்டிருப்பது எங்கே நின்றுவிடுகிறது என்பதை அது வெளிச்சமிட்டுக் காட்டியது.

அதனால்தான் பெஞ்சைப் பற்றியும் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. யாரும் படுத்துவிடக் கூடாது என்பதற்காகவே நடுவில் இரும்புக் கைப்பிடி வைத்த பெஞ்சுகளையும், மேம்பாலங்களின் அடியில் கூர்முனைகள் பதித்த தரையையும் பல நகர நிர்வாகங்கள் அமைக்கின்றன. பசித்தவரின் வெண்கல உருவத்தை ஒரு கோப்பிலும், பசித்தவர் அங்கே படுக்க முடியாத பெஞ்சை இன்னொரு கோப்பிலும் ஒரே நிர்வாகம் அனுமதிக்குமானால், அந்தச் சிற்பம் பார்ப்பவரிடம் எதைக் கேட்கும் தகுதியையும் இழந்துவிடுகிறது. இதைச் சிற்பியால் சரிசெய்ய முடியாது. உங்களால் முடியும்.

பீடத்தின் உயரத்தை முடிவு செய்வதற்கு முன், சிற்பத்தின் முழு அளவு மாதிரியை உத்தேசித்த இடத்திலேயே, தரையிலேயே, சில வாரங்கள் வைத்துப் பாருங்கள். மக்கள் எங்கே நிற்கிறார்கள், எதைத் தொடுகிறார்கள், குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்பதைச் சிற்பியும் உங்களுடன் இருந்து கவனிக்கட்டும். தொட்டுத் தொட்டு வெண்கலத்தின் மேற்பூச்சு தேய்ந்துவிடும் என்று பராமரிப்புப் பிரிவினர் எச்சரிப்பார்கள், அது உண்மைதான். அதற்கு மறுமொழி வேலி போடுவதல்ல, அவ்வப்போது மெழுகு பூசுவதற்கான தொகையைத் தொடக்கத்திலேயே திட்ட மதிப்பீட்டில் சேர்ப்பது. சிற்பத்தைச் சுற்றி அமையும் இருக்கைகளின் வடிவமைப்பும் சிற்பத்தின் கோப்பிலேயே உங்கள் ஒப்புதலுக்கு வர வேண்டும், நடுக்கைப்பிடி உள்ள பெஞ்சை நீங்கள் அங்கேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொதுச் சிற்பங்களின் பார்வையாளர்களில் ஒருவர்