அரசுகட்டில் படுக்கிற கட்டில் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பாண்டிய மன்னர்களைப் பற்றி வந்த கட்டுரையில், ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் கட்டிலில் உறங்கும்போதே உயிர் துறந்தான், அதனால்தான் 'அரசுகட்டிலில் துஞ்சிய' என்ற அடைமொழி வந்தது என்று ஒரு வாக்கியம் இருந்தது. கூடவே திண்டில் சாய்ந்து கண்மூடிக் கிடக்கும் ராஜாவின் படம் வேறு, கால் பக்கத்துக்கு. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அரசுகட்டில் என்றால் அரியணை ஐயா. உங்களுக்குத் தெரியாததா? கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்ததும், 'யானோ அரசன், யானே கள்வன்' என்று சொல்லி விழுந்து செத்தவன் அவன். அவனைத்தான் இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டத்தை முடித்துவைக்கும் கட்டுரைப் பகுதியில், தேவியோடு 'அரைசு கட்டிலில் துஞ்சிய' பாண்டியன் என்கிறார். தப்பான தீர்ப்பு சொன்ன வாய் அது, தப்பு என்று தெரிந்ததும் அந்த ஆசனத்தை விட்டு இறங்கக்கூட உயிர் தங்கவில்லை, அந்த அடைமொழியில் இருக்கிற கனமே அதுதான். அதைப் படுக்கையறைச் சாவாக எழுதிவிட்டால் அப்புறம் சிலப்பதிகாரத்தில் என்ன மிச்சம் இருக்கிறது?

துஞ்சுதல் என்பதும் இங்கே தூக்கம் இல்லை. இறந்தார் என்பதை மரியாதையாகச் சொல்வது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள். 949-இல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடியே மாண்ட ராஜாதித்த சோழனை 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்கிறோம், போர்க்களத்தில் யானை மேல் உட்கார்ந்து யாரும் தூங்கமாட்டார்கள்.

சரி, பழைய சொல், இளம் நிருபருக்குத் தெரியவில்லை என்று விடலாமென்றால், தேர்தல் முடிவு வருகிற நாளெல்லாம் உங்கள் முதல் பக்கத்தில் 'ஆட்சிக்கட்டில்' என்றுதானே போடுகிறீர்கள்? 1967-ஐப் பற்றி எழுதும்போதெல்லாம் தி.மு.க. ஆட்சிக்கட்டிலில் ஏறியது என்பீர்கள். அது எந்தக் கட்டில் என்று அரசியல் பக்கத்துக்குத் தெரிகிறது, இணைப்புக்குத் தெரியவில்லை. படுக்கிற கட்டிலைப் பற்றித்தான் எழுத வேண்டுமென்றால் நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் பாண்டில் இருக்கிறது. நாற்பது வயசான, போரில் பட்ட யானையின் தானாக விழுந்த தந்தத்தைச் செதுக்கிச் செய்த கட்டில் அது. அதை வரைந்திருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும்!

இது இன்று நேற்று நடப்பதும் இல்லை. முன்பு சிறுவர் பக்கத்தில் சங்கப் புலவர் மோசிகீரனார் அரசனின் படுக்கையறைக்குள் போய்த் தூங்கிவிட்டதாகக் கதை போட்டீர்கள். புறநானூறு 50-ஆம் பாட்டில் அவர் ஏறிப் படுத்தது முரசுகட்டில், அரசனின் முரசை வைக்கிற கட்டில். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரம், எண்ணெய் நுரை மாதிரி மெத்தென்று பூப்பரப்பிய இடம், அறியாமல் படுத்துவிட்டார். வாளால் இரண்டு துண்டாக வெட்டியிருக்க வேண்டிய குற்றம் அது, அதனால்தான் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி எடுத்து வீசியது பாட்டானது. படுக்கையறைக்குள் நடந்ததென்றால் அதில் பாட என்ன இருக்கிறது? அன்றைக்கே எழுதினேன், போடவில்லை. கடிதப் பகுதியைச் சுருக்கிச் சுருக்கி ராசிபலனுக்குக் கீழே தள்ளியாயிற்று, எங்கே போடுவது!

நான் வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். உங்கள் பத்திரிகையைப் படித்தால் தமிழ் வரும் என்று நானேதான் பெற்றோர்களிடம் சொல்லி வாங்க வைப்பேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தக் கட்டுரையை வெட்டி, படத்தோடு ஒப்படைவு நோட்டில் ஒட்டி, கீழே 'பாண்டியன் தூக்கத்தில் இறந்தான்' என்று அழகான கையெழுத்தில் எழுதிப் பள்ளியில் காட்டியிருக்கிறாள். டீச்சர் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு அனுப்பிவிட்டார். "பேப்பர்லயே போட்டிருக்கு மிஸ்" என்று என்னிடம் வந்து அழுகிறாள். பேப்பரில் வந்தது தப்பு என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்குப் புரியாது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அரசுகட்டில் என்பது அரியணை, துஞ்சிய என்பது இறந்த என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இணையத்தில் இருக்கும் கட்டுரையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அந்தப் பெண் நோட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும், அடுத்த வாரம் தாண்டினால் ஒப்படைவுக்கு உதவாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.